வாய் திறந்து கேட்ட டிரா

என் மகனுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினெட்டு வயது முடிந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சுகூட இன்னும் எழவில்லை. இதைப் படிக்கும்போது நீ இப்போதைய என்னைவிடப் பெரியவனாக இருப்பாய் என்று நினைத்தாலே வேடிக்கையாக இருக்கிறது. ஆனாலும் இப்போதே எழுதிவிட வேண்டும். அம்மா ஆன பிறகு எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். என் அம்மாவைக் கேட்டால், "எனக்கெல்லாம் பயம்னா என்னான்னே தெரியாது" என்பாள். போன மாதம் மாமா வந்திருந்தபோது ஒரு கதை சொன்னார். அம்மா கல்யாணமாகி ஆம்பூரிலிருந்து இந்த ஊருக்கு வந்த புதிதில், கன்னடம் தெரியாது என்ற பயத்தில் பால் வாங்கக்கூடக் கீழே இறங்க மாட்டாளாம். அப்பா வேலையிலிருந்து வரும்வரை டீ இல்லாமலே இருப்பாளாம். அம்மா சண்டைக்கே போய்விட்டாள். "சும்மா கதை வுடாதடா, நானா? நானா பயந்தேன்?" அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையாகவே நினைவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளே என்னவோ செய்தது. நாளைக்கு நானும் இப்படித்தான் உன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்று கேட்பேன். அதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

நீ மகனா மகளா என்றுகூட எனக்குத் தெரியாது. மகன் என்றே வைத்துக்கொள்கிறேன். பெண் பிள்ளை பேசாமல் இருந்தால் அடக்கமானவள் என்று விட்டுவிடுகிறார்கள். பையன் பேசாமல் இருந்தால் யாரும் விடமாட்டார்கள். உனக்கு என் சுபாவம் வந்துவிட்டால் என்னைவிட உனக்குத்தான் கஷ்டம்.

என் பயம் எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். எனக்குப் பேச்சு வரும். வீட்டில் வாயாடி என்றே பெயர். ஆனால் தெரியாதவர்கள் முன்னால் வாயைத் திறந்தால், சொல்ல வேண்டிய சொல் தொண்டை வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். இதயம் காதுக்குள் அடிக்கும். ஒன்பதாம் வகுப்பில் கன்னடப் பாடத்தை எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். எழுத்தெல்லாம் தெரிந்ததுதான். முதல் வார்த்தையே வரவில்லை. நான் பக்கத்தைப் புரட்டினேன், திரும்பப் புரட்டினேன். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. மறுநாள் வயிற்றுவலி என்றேன். அதற்கு மறுநாளும் அப்படியே சொன்னேன். அம்மா அழுதாள், அப்பா அடிக்கக் கையை ஓங்கி அடிக்காமல் விட்டார், ஹெட்மிஸ்ட்ரஸ் ஆள் அனுப்பினார். நான் போகவே இல்லை. ஒரு நாள் பேருந்தில் நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தபோது கூட்டத்தை விலக்கி 'இறங்கணும்' என்று சொல்ல முடியாமல், டிப்போ வரைக்கும் போய் அங்கிருந்து அழுதுகொண்டே நடந்து வந்தேன். அப்பா, "வாயில என்னா கொழுக்கட்டையா?" என்றார். கொழுக்கட்டையாக இருந்திருந்தால் விழுங்கியிருப்பேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து நின்ற பிறகு வீட்டில் எனக்குக் கிடைத்தது அம்மாவின் பழைய கைப்பேசி. அதில்தான் செஸ் கற்றுக்கொண்டேன். எந்தெந்த ஊர்க்காரர்களோடோ ஆடுவேன். ஒருத்தர் முகமும் தெரியாது, ஒருத்தரோடும் பேச வேண்டாம். நன்றாக ஆட வந்தது. ஓரளவுக்கு மேலேயே வந்தது. அப்பா எலெக்ட்ரிக் வேலைக்குப் போன ஓர் இடத்தில் விசாரித்து, சிவாஜிநகரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு துணிக்கடை மாடியில் நடக்கும் செஸ் கிளப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அந்தப் படியில் ஏறும்போது மட்டும் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும். சொன்னால் நம்பமாட்டாய், மூன்று வருடமாக நான் வீட்டைவிட்டு வெளியே போனதற்கு அந்த மாடி ஒன்றுதான் காரணம்.

இந்த வருடம் எனக்குப் பதினெட்டு முடிந்ததும் அப்பா ஆரம்பித்தார். ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் சித்தப்பா வேலை செய்யும் கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்குப் பெண்கள் எடுக்கிறார்கள், ஹாஸ்டலும் உண்டு என்றார். வேலைக்கு நான் பயப்படவில்லை, மகனே. ஒரே அறையில் தெரியாத பெண்களோடு படுத்து எழுந்து, கம்பெனி வண்டியில் பேசிச் சிரித்துக்கொண்டே போய், சூப்பர்வைசர் கேட்டால் பதில் சொல்லி, வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு வருவது. அதற்குத்தான் பயந்தேன். அம்மா என் பக்கம் பேசினாள். கடைசியில் அப்பா ஒரு முடிவு சொன்னார். "இந்த டோர்னமென்ட் ஆடு. கிளப் டீம்ல எடுத்தாங்கன்னா இந்த வருஷம் நீ ஆடிக்கோ, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். எடுக்கலன்னா திங்கக்கெழம சித்தப்பாகூட கெளம்பிடணும்." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது.

போட்டி பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூடத்தில் நடந்தது. கடைசிச் சுற்றுக்கு முன்னால் எங்கள் கிளப்பின் பொறுப்பாளர் கணக்குப் பார்த்துவிட்டு, "தோக்காம இருந்தா போதும்மா. டிரா பண்ணாலே டீம்ல நீ இருக்க" என்றார். யாரும் ஜெயிக்காத டிராவுக்கு அரைப் புள்ளி. அது போதும். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். எனக்கோ இதை ஏன் சொன்னார் என்றிருந்தது. ஜெயித்தே ஆக வேண்டும் என்றால் எப்படியும் நடக்காது என்று நிம்மதியாக இருந்திருப்பேன். நடக்கக்கூடியதாக இருக்கும்போதுதான் பயம் வருகிறது. இதை நீ வளர்ந்த பிறகு உன் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்.

எனக்கு எதிரே உட்கார்ந்தவர் நஸீர் பாய். வேறு கிளப்காரர். சிவாஜிநகரிலேயே வேறொரு துணிக்கடை வைத்திருப்பவர், அப்பா வயது இருக்கும். உட்கார்ந்ததும், "என்னம்மா, பேரு என்ன?" என்றார். நான் மேஜையிலிருந்த பெயர்ச்சீட்டைக் காட்டினேன். "அரே, பரவால்ல, எனக்கும் படிக்கத் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். அப்பா கூடத்தின் வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். ஆடாதவர்களை உள்ளே விடவில்லை.

நான் கறுப்புக் காய்கள். ஆட்டம் இருபது நகர்த்தல் வரை சமமாகவே போனது. அப்போது நஸீர் பாய் தன் யானையை நகர்த்திவிட்டு, குனிந்து மெதுவாக, "டிரா பண்ணிக்கலாமாம்மா? ஞாயித்துக்கெழம வியாபாரம், கடைய தொறக்கணும்" என்றார். சொல்லிவிட்டுத் தன் கடிகாரத்தை அழுத்தினார்.

எனக்கு வேண்டியது அதுதான். அந்த அரைப் புள்ளியை அவராகவே எடுத்து என் முன்னால் வைத்துவிட்டார். 'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும். கைப்பேசியில் என்றால் ஒரு பொத்தான்; தொட்டால் முடிந்தது. இங்கே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், அவர் முகத்தைப் பார்த்து வாயைத் திறக்க வேண்டும். நான் திறந்தேன். சத்தம் வரவில்லை. தலையை ஆட்டினேன். அவர் குனிந்து தன் தாளில் நகர்த்தலை எழுதிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. என் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. பதில் சொல்ல முடியாதபோதெல்லாம் என் கை தானாக எதையாவது செய்யும். அன்று அது குதிரையை எடுத்து நகர்த்திவிட்டது.

செஸ் தெரிந்தவர்களுக்கு இதற்கு அர்த்தம் தெரியும். டிரா கேட்ட பிறகு காயைத் தொட்டாலே 'வேண்டாம்' என்று சொன்னதாகிவிடும். நஸீர் பாயின் புருவம் உயர்ந்தது. "ஓஹோ! வேணாமா? ஜெயிக்கணுமா? சரி மேடம், வாங்க" என்று சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். கடையை அவர் மறந்துவிட்டது தெரிந்தது. இல்லை அங்கிள், நான் அப்படிச் சொல்லவில்லை என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். பேசாமல் இருந்தால் பேசாமல் இருப்பதாகத்தான் அர்த்தம் என்று அதுவரை நினைத்திருந்தேன், மகனே. அப்படி இல்லை. நாம் பேசாதபோது எதிரில் இருப்பவர் நமக்காக ஒரு பதிலை எழுதிக்கொள்கிறார். அது நாம் நினைத்ததற்கு நேர் எதிராகவும் இருக்கும்.

யோசிக்காமல் வைத்த குதிரை சும்மா இருக்குமா? அதைக் காப்பாற்றப் போய் ஒரு சிப்பாய் போனது. பதறியதில் இன்னொன்றும் போனது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரிடமும் ராணியும் சில சிப்பாய்களும்தான் மிச்சம். அவருக்கு இரண்டு சிப்பாய் அதிகம். அதில் ஒன்று கடைசிக் கட்டத்துக்கு ஓர் அடி முன்னால் நின்றது. அது போய்ச் சேர்ந்தால் இன்னொரு ராணி. அதோடு ஆட்டம் முடிந்தது. எனக்கு ஹாஸ்டல் அறை கண்ணுக்குத் தெரிந்தது. இரும்புக் கட்டில்கள், ஜன்னலில் காயும் யாருடையதோ துணிகள். நான் பார்த்தே இராத அறை, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. என் ராணியால் அவர் ராஜாவுக்குச் செக் வைத்துக்கொண்டே இருப்பது. செக் இருக்கும்வரை அவரால் அந்தச் சிப்பாயைத் தொட முடியாது. வைத்தேன். ராஜா மூலைக்குப் போனது. மறுபடி வைத்தேன். திரும்பி வந்தது. அங்கும் இங்குமாக ஆடியது. ஒரே நிலை மூன்றாவது முறை பலகையில் வந்தால் ஆட்டம் டிரா. ஆனால் அது தானாக ஆகிவிடாது. யாருக்கு வேண்டுமோ அவர் கேட்க வேண்டும். நகர்த்தப்போவதை நகர்த்தாமல் தாளில் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். எண்பது பேர், நூறு பேர் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்கும் கூடத்தில், வாயைத் திறந்து.

மூன்றாவது முறை வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. நடுவர் எங்கே என்று பார்த்தேன். அந்தக் கோடியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு முடியவில்லை. நஸீர் பாயே போதும் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு, ராணியை நகர்த்திச் செக் வைத்துவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு ராஜாவை மூலைக்குக் கொண்டுபோகாமல் பலகையின் நடுப்பக்கமாக வெளியே எடுத்தார். எண்ணியதெல்லாம் வீணாகப் போயிற்று.

அப்போது வந்த பயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ராஜா ஒவ்வோர் அடியாகத் தப்பித்துக்கொண்டிருந்தது. நான் செக் வைக்க இடம் தேடித் தேடி வைத்தேன். இன்னும் ஓர் அடி போனால் தன் சிப்பாய்களுக்குப் பின்னால் அது ஒளிந்துவிடும் என்கிறபோது, மறுபக்கத்திலிருந்து ஒரு செக் இருப்பது கண்ணில் பட்டது. அதற்கு அவர் ஒளியப் போனால் அவருடைய ராணி போய்விடும். அவர் நீண்ட நேரம் யோசித்தார். வேறு வழியில்லாமல் ராஜா வந்த வழியே திரும்பியது. மறுபடி அந்த மூலை. மறுபடி அங்கும் இங்கும். என் ராணி இப்போது வேறு கட்டத்தில், அதனால் முதலிலிருந்து எண்ணினேன்.

இந்த முறை எழுதினேன். நகர்த்தவில்லை. எழுத்து கோணல் மாணலாக விழுந்தது. கடிகாரத்தை நிறுத்தினேன். கையைத் தூக்கினேன். நடுவர் பார்க்கவில்லை. கை வலிக்கும்வரை தூக்கி வைத்திருந்தேன். நஸீர் பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எனக்காகக் கூப்பிடப் போவதில்லை என்பது அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"சார்!"

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. நடுவர் வேகமாக வந்தார். கன்னடக்காரர். "ஏனம்மா?" என்றார். என்ன விஷயம் என்று கேட்கிறார்.

"சார்... மூணு தடவை... அதே பொசிஷன்..."

"ஜோராகி ஹேளம்மா, கேளிஸ்தா இல்ல." உரக்கச் சொல்லு, கேட்கவில்லை என்கிறார். ஒரு தடவை சொன்னதே என் உயிரைக் கொண்டுபோய்விட்டது, இரண்டாவது தடவை கேட்கிறார்.

"இந்த மூவ் ஆடினா மூணாவது தடவை அதே பொசிஷன் வரும் சார். டிரா கேக்கறேன்" என்றேன். முழு வாக்கியம். முடிவில் குரல் உடைந்தது, ஆனால் முடித்தேன்.

அவர் என் தாளை எடுத்துப் பார்த்தார், என் எழுத்தைப் படிக்க முடியாமல் நஸீர் பாயின் தாளை வாங்கினார். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். அந்த நேரம் முழுக்க நான் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நஸீர் பாயே, "கரெக்ட்தான் சார், நானும் எண்ணிட்டுதான் இருக்கேன்" என்றார். நடுவர் தலையை ஆட்டி இரண்டு தாளிலும் அரை, அரை என்று குறித்துவிட்டுப் போனார்.

நான் நஸீர் பாயைப் பார்த்தேன். பேச ஆரம்பித்த வாய் இன்னும் மூடவில்லை போல. "எண்ணிட்டு இருந்தீங்கன்னா, ஏன் அங்கிள் சொல்லல?"

"நான் ஏம்மா சொல்லணும்? டிரா உனக்குத்தானே வேணும். நீ கேக்கலையே." அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சாயங்காலம் ஆகிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, "அது கெடக்கட்டும். நான்தான் அப்பவே குடுத்தேனே. ஏன் வேணாம்னே?"

"வேணாம்னு சொல்லல அங்கிள். சரின்னு சொல்ல வரல."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். விளங்கியதும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். உடம்பெல்லாம் குலுங்கியது. பக்கத்து மேஜைக்காரர் முறைத்தார். "யா அல்லா! ஒரு வார்த்தைக்கு என் ஞாயித்துக்கெழம வியாபாரமே போச்சே" என்று எழுந்தவர், போகும்போது என் பக்கம் குனிந்து, "கடைக்கு வாம்மா ஒரு நாள். பேச வேணாம், எது வேணும்னு கைய காட்டு, போதும்" என்றார். அப்போது நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வெளியே வந்தபோது அப்பா வாசலில் இல்லை. தெரு முனையில், மரத்தடியில் நின்றிருந்தார். டிரா என்றேன். கூடத்திலிருந்து வந்த யாரோ அவரிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். "உன் கொரல் வாசல் வரைக்கும் கேட்டுது. யாரோ பொண்ணுன்னு நெனச்சேன்" என்றார். பிறகு நாங்கள் நடக்க ஆரம்பித்தோம். சிவாஜிநகர் வரை நடக்கிற தூரம்தான். கொஞ்ச தூரம் போனதும், "சித்தப்பாகிட்ட வேணாம்னு சொல்லிடறேன்" என்றார். அவ்வளவுதான். நான் பயந்துகொண்டிருந்தது அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது. எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. டீமில் சேர்ந்தால் இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேறு கூடங்கள், வேறு வேறு மனிதர்கள், மறுபடி இதே மேஜை, இதே வாய். அதுவரை வீட்டில் நான் ஒருபோதும் சொல்லாத ஒன்றை, பேருந்துகளின் சத்தத்துக்கு நடுவில் சொன்னேன். "எனக்குப் பயமா இருக்குப்பா." வயிற்றுவலி என்று சொல்லியிருக்கிறேன், தலைவலி என்று சொல்லியிருக்கிறேன், பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். பயம் என்று சொன்னதில்லை.

அப்பா நின்றுவிட்டார். பின்னால் வந்த ஒருவர் அவர்மேல் இடித்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனார். "எனக்குந்தான்" என்றார் அப்பா.

"உங்களுக்கு என்னாப்பா பயம்?"

கையிலிருந்த குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "நாளைக்கு நானும் உங்கம்மாவும் இல்லன்னா நீ என்னா பண்ணுவ? ஒடம்பு சரியில்லன்னாகூட யார்கிட்ட போயி சொல்லுவ? அங்க நாலு பொண்ணுங்களோட இருந்தா பேச்சு வந்துடும்னு நெனச்சேன். உன்ன தொரத்தி வுடறதுக்கா கேட்டேன்?" இத்தனை மாதமும் எனக்குத் தண்டனை தருகிறார் என்றே நான் நினைத்திருந்தேன், மகனே. பள்ளிக்கூடத்தை விட்டதற்கு, வீட்டில் சும்மா இருப்பதற்கு. அவர் வாய் திறந்து சொல்லவில்லை. நான் வாய் திறந்து கேட்கவும் இல்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து காய் நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறோம்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஒரு காலத்தில் நான் உன்னை எங்கேயாவது அனுப்பத் துடிப்பேன். அந்த வகுப்பில் சேர், இந்த ஊருக்குப் போ, நாலு பேரோடு பழகு என்று பிடித்துத் தள்ளுவேன். என் முகத்தில் கோபம் இருப்பதுபோலத் தெரியும். அப்போது எனக்குப் பதில் சொல்ல அவசரப்படாதே, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவும் செய்யாதே. "உனக்கு என்னம்மா பயம்?" என்று என்னைக் கேள். நான் உடனே பதில் சொல்லமாட்டேன். கையில் இருப்பதை எடுத்து வைப்பேன், அடுப்பைப் பார்ப்பேன், பேச்சை மாற்றுவேன். நீ நகராமல் நின்றுகொண்டிரு. கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை டீமுக்காக முதல் ஆட்டம். எதிரே யார் உட்காரப் போகிறார்களோ, தெரியாது. இப்போதே கை சில்லிட்டிருக்கிறது. அப்பா கூட வருகிறேன் என்றார். வாசலுக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பயத்தோடும் அன்போடும்,
உனக்கு அம்மா ஆகப்போகிறவள்